சுமையில்லாத சங்கிலி

அன்புள்ள செல்வி,

கடிதம் கிடைத்தது. மகனுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். அம்மாவின் கண் ஆபரேஷன் என்ன ஆயிற்று என்று எழுதவே இல்லையே?

என்ன வேலை ஓடுகிறது என்று கேட்டிருந்தாய். பி.என்.ஏ. (பெப்டைடு நியூக்ளிக் அமிலம்), அதாவது டி.என்.ஏ.வைப் போலவே ஒட்டும் ஒரு செயற்கைச் சங்கிலி செய்துகொண்டிருக்கிறேன். டி.என்.ஏ.வில் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறி வரும் முதுகெலும்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, புரதத்தில் இருப்பது மாதிரி அமைடு பிணைப்பால் ஒரு சங்கிலி கட்டி, ஏ, டி, ஜி, சி காரங்களை மட்டும் அப்படியே அதில் தொங்கவிடுவது. 1991-இல் கோபன்ஹேகனில் பீட்டர் நீல்சனும் கூட்டாளிகளும் செய்தது. இரட்டைச் சுருளின் பள்ளத்தில் மூன்றாவது இழையாகப் போய் ஒட்டும் என்றுதான் வடிவமைத்தார்கள். அது என்னடாவென்றால் உள்ளே புகுந்து, இருந்த இழையை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது! டி.என்.ஏ. இழைகள் இரண்டிலும் ஒரே நெகட்டிவ் மின்சுமை, ஒன்றையொன்று தள்ளும். பி.என்.ஏ.வில் சுமையே இல்லை, அதனால் பிடி இறுகுகிறது. டி.என்.ஏ.வை வெட்டும் நொதியான நியூக்ளியேசும் வெட்டாது, புரதத்தை வெட்டும் புரோட்டியேசும் வெட்டாது.

இவ்வளவு இறுகப் பிடித்து, வெட்டுப்படாமலும் இருப்பது அப்புறம் ஏன் மருந்தாகவில்லை என்று உன் மாணவர்கள் கேட்பார்கள். அந்தச் சுமையில்லாத குணம்தான் வினை. செல்லுக்குள் தானாக நுழையாது, தண்ணீரிலும் சரியாகக் கரையாது. போன வாரம் சங்கிலியை, அதைக் கட்டிய ரெசின் மணிகளிலிருந்து வெட்டி ஈதரில் ஊற்றியதும் வெள்ளை வெளேரென்று அழகாகப் படிந்தது. தண்ணீரில் போட்டால் ஜி அதிகமுள்ள அந்தத் தொடர் திரிதிரியாக மிதக்கிறது, சூடாக்கினால் கரைந்து ஆறியதும் மறுபடி திரிகிறது. நுனியில் லைசின் என்ற சுமையுள்ள அமினோ அமிலம் ஒன்றைச் சேர்த்தால் கொஞ்சம் வழிக்கு வரும்.

இதே மாதிரி முதுகெலும்பை மாற்றிய சங்கிலிகள்தான், 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இரண்டு மருந்துகளைப் பார். நுசினெர்சனில் பாஸ்பேட்டின் ஓர் ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகம், சுமை அப்படியே இருக்கிறது. தண்டுவட நீரில் ஏற்றுகிறார்கள், ஆரம்ப டோஸ்கள் முடிந்தபின் நான்கு மாதத்துக்கு ஒரு ஊசி. எடெப்லிர்சென் சர்க்கரைக்குப் பதில் மார்ஃபோலின் வளையம் வைத்த, சுமையற்ற மார்ஃபோலினோ வகை, வாராவாரம் ரத்தக் குழாயில் ஏற்ற வேண்டும், ஏனென்றால் ரத்தப் புரதங்களில் ஒட்டாமல் சிறுநீரகம் வழியாகச் சீக்கிரம் வெளியேறிவிடுகிறது. நோயும் வேறு, ஏற்றும் இடமும் வேறு, நேராக ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் சுமையைத் தொல்லை என்று மட்டுமே பாடம் நடத்துகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது (உன்னைச் சொல்லவில்லை).

அடுத்து பி.என்.ஏ. முதுகெலும்பில் காமா என்று சொல்லும் கார்பனில் ஒரு கிளை சேர்க்கப் போகிறேன். சங்கிலி முன்கூட்டியே சுருண்டு நிற்கும், அந்தக் கிளை எத்திலீன் கிளைகாலாக இருந்தால் தண்ணீரில் கரையவும் செய்யும். அந்த மோனோமரின் (சங்கிலியின் ஒற்றைக் கண்ணி) விலையைக் கேட்டால் மயக்கம் வரும், நாமே செய்துகொள்ளலாம் என்று பார்க்கிறேன். மே லீவில் வருகிறாய் அல்லவா, ஒரு கை கொடு.

அன்புடன்,
மீனா