காற்று இலவசம், கிரீஸ் இலவசமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வியட்னாமின் கடற்காற்றிலிருந்து சிங்கப்பூர் மின்சாரம் வாங்கும் திட்டம் பற்றிய செய்திகளில் 1.2 கிகாவாட் என்ற எண்தான் முன்னால் நிற்கிறது. சிங்கப்பூரின் எரிசக்திச் சந்தை ஆணையம் 2023 அக்டோபரில் நிபந்தனையுடன் ஒப்புதல் தந்த அளவு அது. சொல்வதில் தவறில்லை. ஆனால் படிக்கிறவர்கள், காற்றாலையை ஒருமுறை நட்டுவிட்டால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் கூரையில் இருக்கும் சூரியத் தகடு போல அதுபாட்டுக்கு மின்சாரம் தரும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அந்த எண்ணத்தைத் திருத்தவே இந்தக் கடிதம்.

இங்கேயே நட்டால் என்ன என்ற கேள்விக்குப் பதில் சுருக்கமானது. நம் தீவில் காற்றின் சராசரி வேகம் விநாடிக்கு 2 மீட்டர்தான். பெரிய காற்றாலைகள் சும்மா சுழலத் தொடங்கவே 3 மீட்டர் வேண்டும். காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கும் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆகவே கடல் தாண்டித்தான் போக வேண்டும், சிக்கலும் அங்கேதான்.

இன்றைய 15 மெகாவாட் இயந்திரம் ஒன்றின் இறக்கை 115.5 மீட்டர் நீளம். ஏறத்தாழ 40 மாடி புளோக்கைப் படுக்க வைத்த அளவு. நிமிடத்துக்கு ஏழு, எட்டு சுற்றுதான் என்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் சோம்பலாகத் தெரியும். நுனியோ மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் பாய்கிறது. அந்த வேகத்தில் மழைத்துளி தண்ணீராக இருப்பதில்லை, சிறு சுத்தியல். இறக்கையின் முன்விளிம்பில் முதலில் பூச்சில் ஊசிக்குத்துகள் விழும், அவை சேர்ந்து குழியாகும், கடைசியில் கண்ணாடியிழை அடுக்கே உரிந்து வெளியே தெரியும். விளிம்பு சொரசொரப்பானால் காற்று ஒட்டி ஓடாது, உற்பத்தி குறையும். பழுதுபார்க்கக் கயிற்றில் தொங்கித் தேய்க்க வேண்டும், குழிகளை நிரப்புப் பசையால் அடைத்துச் சமன் செய்ய வேண்டும், பாலியூரித்தேன் பூச்சோ நாடாவோ இட வேண்டும். இறக்கை ஈரமாக இருந்தால் பூச்சு பிடிக்காது. நம் வட்டாரத்தில் காய்ந்த நாள் கிடைப்பதே பெரும்பாடு.

வெளியே தெரியும் தேய்மானமாவது பரவாயில்லை. உள்ளே ஒட்டுப்பசை போதாமல் இருந்தால்? 2024 ஜூலையில் அமெரிக்காவின் வைன்யார்ட் விண்ட் கடல் காற்றாலைப் பண்ணையில் 107 மீட்டர் இறக்கை ஒன்று முறிந்து, நுரைத்துண்டுகளும் கண்ணாடியிழையும் நான்டக்கெட் தீவின் கரையில் ஒதுங்கின. தரச் சோதனையிலேயே பிடிபட்டிருக்க வேண்டிய குறை என்று தயாரித்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. சுழலும் இறக்கையின் சொந்த எடையே ஒவ்வொரு சுற்றிலும் அதை ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் வளைக்கிறது. 25 ஆண்டுகளில் எட்டு, ஒன்பது கோடி முறை. அந்தக் கணக்கில் சின்னக் குறை என்று எதுவும் இல்லை.

அடுத்தது, இறக்கையை மையத்தில் பிடித்திருக்கும் பெரிய வளையப் பேரிங். வழக்கமான பேரிங் சுற்றிக்கொண்டே இருக்கும். இதுவோ காற்றுக்கேற்ப இறக்கையைச் சில டிகிரி மட்டும் முன்னும் பின்னும் திருப்பும். ஒரே இடத்தில் அசைந்தால் உருளைக்கும் தடத்துக்கும் நடுவே உள்ள கிரீஸ் பிதுங்கி வெளியேறிவிடும். உலோகம் உலோகத்தோடு உரசித் தடத்தில் பள்ளம் விழும். தானியங்கி கிரீஸ் பம்பு வைத்துவிட்டோம் என்று இருந்துவிட முடியாது. பழைய கிரீஸ் இறுகி வெளியேறும் வழியை அடைத்தால் புதியது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்தைத் தள்ளிக்கொண்டு வரும். அவ்வப்போது இறக்கையை அகலமாகத் திருப்பிக் கிரீஸைப் பரவச் செய்வதுதான் மருந்து.

போல்ட் சங்கதி இன்னும் நுட்பம். கோபுரத் துண்டுகளை இணைக்கும் விளிம்பில் எம்64, எம்72 அளவில் (64, 72 மில்லிமீட்டர் விட்டம்) நூற்றுக்கு மேற்பட்ட போல்ட்டுகள் இருக்கும். ஸ்பேனரால் முறுக்கினால் அந்த முறுக்கில் பத்தில் ஒரு பங்கு சொச்சம்தான் போல்ட்டை இழுக்கும் விசையாகிறது. மீதி உராய்வில் போய்விடும். மரையில் மசகு கொஞ்சம் மாறினாலும் கணக்கு தப்பும். அதனால்தான் ஹைட்ராலிக் கருவியால் போல்ட்டை நேரடியாக இழுத்து நீட்டி, பிறகு நட்டைப் பொருத்துகிறார்கள். விளிம்பில் பெயின்ட் தடித்திருந்தால் நாளடைவில் அது அமுங்கி இறுக்கம் தளரும். ஆகவே சில நூறு மணி நேரம் ஓடிய பின் மறுபடி சோதிக்க வேண்டும். தளர்ந்த போல்ட் சும்மா இருக்காது. காற்றின் ஒவ்வொரு அடியையும் தானே வாங்கிக் களைத்து முறியும், சுமையைப் பக்கத்துப் போல்ட்டின் தலையில் கட்டிவிட்டு.

இறக்கையின் மெதுவான சுற்றை ஜெனரேட்டருக்கு வேண்டிய வேகத்துக்கு உயர்த்துவது கியர்பாக்ஸ். அதில் ஜெனரேட்டர் பக்கம் வேகமாகச் சுழலும் தண்டின் பேரிங்கை மேலேயே மாற்றலாம். நடுப் பற்சக்கரத்தைச் சுற்றிவரும் கோள் கியர்களின் பேரிங் போனால் முழுப் பெட்டியையும் இறக்கியாக வேண்டும். கியரே இல்லாத நேரடி இயக்க வகை இந்தத் தலைவலியைத் தவிர்க்கும். பதிலுக்குப் பிரம்மாண்டமான ஜெனரேட்டரும் நியோடிமியம் என்ற உலோகம் கலந்த பலமான காந்தங்களும் வந்து உட்காரும். எதுவானாலும் கடலில் இறக்கி ஏற்ற, கடலடியில் கால் ஊன்றி நிற்கும் தூக்குக் கப்பல் வேண்டும். அது அழைத்த உடனே வராது.

நான் அதிகம் கவலைப்படுவது பருவத்தைப் பற்றி. தென் வியட்னாம் கடலில் வடகிழக்குப் பருவக்காற்று நவம்பர் முதல் மார்ச் வரை பலமாக வீசும். மின்சாரம் நன்றாகக் கிடைக்கும் மாதங்கள் அவை. பணியாளர் படகு கோபுரத்தில் மூக்கை முட்டி நிற்க அலை ஏறத்தாழ ஒன்றரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். அந்த மாதங்களில் அது அரிது. டிசம்பரில் ஒரு சென்சார் செத்தாலும் இயந்திரம் வாரக்கணக்கில் நிற்கும், நல்ல காற்று வீணாகப் போகும். கியர் எண்ணெயின் மாதிரியை எடுத்துச் சோதிப்பது, கிரீஸ் இடுவது, போல்ட் சோதனை எல்லாமே ஏப்ரல், மே மாத அமைதிக்குள் முடிந்தாக வேண்டும். அலை உயரத்தை ஈடுகட்டும் நடைபாலம் கொண்ட பெரிய கப்பல் இருந்தால் இன்னும் கொஞ்சம் நாட்கள் கூடும், வாடகையும் கூடும்.

கால் ஊன்றும் எண்ணெய்த் துரப்பண மேடைகளைக் கட்டிப் பழகிய கப்பல் பட்டறைகள் நம்மிடம் உள்ளன. அவற்றுக்குத் தூக்குக் கப்பல் கட்டுவது புது வித்தையல்ல. அடுத்த முறை இத்திட்டம் பற்றி எழுதும்போது, கிகாவாட்டோடு இவற்றையும் கேட்டு எழுதுங்கள்: உதிரி இறக்கையும் பேரிங்கும் எந்தத் துறைமுகத்தில் இருக்கும், தூக்குக் கப்பல் யாருடையது, இயந்திரங்கள் ஆண்டில் எத்தனை சதவீத நேரம் ஓடத் தயாராக இருக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
வாசகர், ஜூரோங் வெஸ்ட்