தோற்றவருக்காக உழைத்த தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

"மக்களுக்கு வேட்பாளரின் தகுதி முக்கியமில்லை, நம்மில் ஒருவர் என்று தோன்றினால் போதும்" என்று எழுதியிருந்தாய். ஒரு நேர்மையாளருக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவன் நீ. கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அதற்காக வாக்காளரை முட்டாள் என்று தள்ளிவிடாதே.

நிதிநிலை அறிக்கையைப் புரட்டிப் பார்க்க அவருக்கு நேரமில்லை. தனக்கு ஓர் இடர் வந்தால் இந்த ஆளுக்குப் புரியுமா என்பதே அவர் கேள்வி. அதற்குக் கண்ணில் படுவதையெல்லாம் எடைபோடுகிறார். 1976இல் அமெரிக்க அதிபர் ஃபோர்டு, டெக்சாஸ் பிரசாரத்தில் டமாலே என்ற மெக்சிகோ பண்டத்தை, மேலே சுற்றியிருந்த சோள மடலை உரிக்காமலே கடித்துவிட்டார். அந்தத் தேர்தலில் அவர் தோற்றதற்கு அதுவே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கிருந்த மெக்சிகோ வம்சாவளியினருக்கு அந்த ஒரு கடி போதும்: இவர் நம் வீடுகளில் கை நனைத்தவர் அல்ல.

ஜெயித்தவரின் குறைகளை மக்கள் ஏன் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டாய். வெளியே தெரியும் குறை, மறைத்து வைத்த குறையைவிடக் குறைவாகவே பயமுறுத்தும். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. எதிர் வேட்பாளரின் கொச்சைப் பேச்சை உங்கள் மேடைகளில் கேலி செய்தீர்களே, அப்படியே பேசுகிறவர்கள் கூட்டத்தில் எத்தனை பேர் நின்றிருப்பார்கள்! அந்தக் கேலி அவர்கள் மேல்தான் விழுந்தது.

1966இல் உளவியலாளர் எலியட் ஆரன்சன் ஒரு சோதனை செய்தார். வினாடிவினாவில் வெளுத்து வாங்கியவர் தன்மேல் காப்பியைக் கொட்டிக்கொண்டதும், ஒலிப்பதிவில் அதைக் கேட்டவர்களுக்கு அவரை இன்னும் பிடித்துப்போனது. சுமாராகப் பதில் சொன்னவர் கொட்டியபோது, இருந்த பிடிப்பும் குறைந்தது. திறமைசாலியின் தடுமாற்றத்துக்குத்தான் அந்த மதிப்பு.

இந்த நெருக்கத்தை நடித்தும் காட்டலாம். எனக்குக் கவலை அதில்தான். 2004 அதிபர் தேர்தலில் மோதிய புஷ்ஷா கெர்ரியா, யாருடன் உட்கார்ந்து பீர் குடிப்பீர்கள் என்று அமெரிக்காவில் கருத்துக்கணிப்பே நடந்தது, புஷ்தான் முந்தினார். அவரோ 1986இலேயே குடியை விட்டவர், முன்னாள் அதிபரின் மகன், கெர்ரியைப் போலவே பெயர்பெற்ற யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர்.

ஆகவே அடுத்த முறை எதிராளியின் பேச்சையும் நடையையும் விட்டுவிடுங்கள். அவையில் அவர் எதற்கு ஆதரவாகக் கை தூக்கினார், எந்த விவாதத்துக்கு வராமலே இருந்தார் என்று தெருத்தெருவாகச் சொல்லுங்கள். உங்கள் வேட்பாளரையும் திண்ணைகளில் உட்கார வையுங்கள். முதல் அரைமணி நேரம் அவர் பேச வேண்டாம்; ஜனங்கள் சொல்வதைக் கேட்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்