2-11 என்றால் பதினேழு: இளையோர் கேலிக் கால்பந்துக் கட்டுரை குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கையாலும் காலாலும் ஆடும் அயர்லாந்தின் சொந்த ஆட்டமான கேலிக் (Gaelic) கால்பந்தின் இளையோர் சாம்பியன்ஷிப்பைப் பற்றித் தமிழ் நாளிதழ் ஒன்றில் முக்கால் பக்கம் வருவது அபூர்வம். அதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையோடு வெளியான 'நாளைய நட்சத்திரங்கள்' பட்டியலை, யார் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்ற வரிசையில் மட்டும் அடுக்கியிருக்கிறீர்கள். இளையோர் அணிகளுக்குப் பயிற்சி தருபவர்கள் என்ற முறையில் சொல்கிறோம்: பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளை எடைபோட இதைவிட மோசமான தராசு கிடைக்காது.

முதலில் ஸ்கோர். 2-11, 0-15 என்று அச்சிட்டுவிட்டு, 'பதினைந்து எடுத்த அணி தோற்றது' என்று வியந்திருக்கிறீர்கள். வியக்க ஒன்றுமில்லை. எண்களுக்கு நடுவிலுள்ள சிறு கோட்டுக்கு முன்னால் இருப்பது கோல், பின்னால் இருப்பது புள்ளி. கோல் கம்பங்கள் ஆங்கில எச் எழுத்தின் வடிவில் நிற்கும். குறுக்குக் கம்பம் 2.5 மீட்டர் உயரம், இரு கம்பங்களுக்கும் இடைவெளி 6.5 மீட்டர். பந்து குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதாவது மூன்று புள்ளி. மேலே போனால் ஒரு புள்ளி. ஆக 2-11 என்பது ஆறும் பதினொன்றும் சேர்ந்து பதினேழு. பதினைந்து தோற்றது அதனால்தான். அடைப்புக்குறிக்குள் கூட்டுத்தொகையைப் போட்டுவிட்டால் குழப்பமே இல்லை.

2025 முதல் இதில் இன்னொரு கணக்கும் சேர்ந்திருக்கிறது. டப்ளின் அணியின் முன்னாள் மேலாளர் ஜிம் கேவின் தலைமையிலான விதிச் சீரமைப்புக் குழுவின் பரிந்துரைப்படி, கோலிலிருந்து 40 மீட்டரில் ஒரு வளைவுக் கோடு போட்டார்கள். அந்தக் கோட்டுக்கு வெளியிலிருந்து உதைத்து மேலே அனுப்பினால் இரண்டு புள்ளி. கோலுக்குப் பச்சைக் கொடி, ஒற்றைப் புள்ளிக்கு வெள்ளைக் கொடி என்று இருந்ததோடு இதற்கு ஆரஞ்சுக் கொடி வந்துவிட்டது. ஆனால் ஸ்கோரில் ஒற்றைப் புள்ளியும் இரட்டைப் புள்ளியும் சிறு கோட்டுக்குப் பின்னாலுள்ள எண்ணிலேயே போய்ச் சேர்கின்றன. 0-15 என்ற எண்ணைப் பார்த்து, அது பதினைந்து உதையில் வந்ததா, எட்டு உதையில் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

பட்டியல் தவறாகப் போவது இங்கேதான். காற்று முதுகில் அடிக்கும் பாதியில், நல்ல கால் பலமுள்ள ஒரு பையன் வளைவுக்கு வெளியே நின்று நான்கு ஃப்ரீ கிக்கைப் போட்டால் எட்டுப் புள்ளி. ஓடும் ஆட்டத்தில் ஒரு பந்தைக்கூட அவன் தொட்டிருக்க வேண்டியதில்லை. அதே ஆட்டத்தில், தன்னை ஒட்டிக்கொண்டே திரியும் தடுப்பாளரை ஏமாற்றி மூன்று தடவை ஒற்றைப் புள்ளி எடுத்தவன் பட்டியலின் அடியில் கிடப்பான். ஐரிஷ் நாளிதழ்களில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அதில் எத்தனை ஃப்ரீ, எத்தனை இரட்டைப் புள்ளி என்று தனியே குறித்திருப்பார்கள். அந்தச் சிறிய அடைப்புக்குறிதான் உங்கள் கட்டுரையில் விடுபட்டிருக்கிறது. பழைய ஆண்டுகளோடு ஒப்பிடும்போதும் இது முக்கியம். 2017 இறுதி ஆட்டத்தில் டெர்ரி அணிக்கு எதிராக கெர்ரி மாவட்டத்தின் டேவிட் கிளிஃபர்ட் எடுத்த 4-4, அதாவது பதினாறு புள்ளி, இரட்டைப் புள்ளி என்ற ஒன்றே இல்லாத காலத்தில், அறுபது நிமிட ஆட்டத்தில் வந்தது.

வயது விஷயத்திலும் ஒரு திருத்தம். 'மைனர்' என்பது பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் போட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். 1929-இல் தொடங்கியதிலிருந்து 2017 வரை அப்படித்தான். 2018 முதல் மாவட்ட அளவில் அது பதினேழு வயதுக்கு உட்பட்டோர் போட்டி; இருபத்தொன்று என்றிருந்த அடுத்த நிலையும் இருபதாகிவிட்டது. பள்ளி இறுதித் தேர்வு எழுதும் வருடத்தில் பையன்கள் தேர்வுக்கும் போட்டிக்கும் நடுவே அல்லாடக் கூடாது என்பது அதற்கு ஒரு காரணம். ஆகவே 2017-க்கு முந்தைய மைனர் வீரரையும் இப்போதைய மைனர் வீரரையும் அருகருகே வைப்பது, ஒரு வகுப்பு மேலே படிப்பவனோடு கீழே படிப்பவனை ஒப்பிடுவதுதான்.

வயதுக் கணக்கு ஜனவரி 1-இல் தொடங்குகிறது. ஒரே அணியில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் இருந்தால் இருவருக்கும் ஏறக்குறைய ஒரு வருட வித்தியாசம். பதினேழில் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் மாவட்டங்களின் வளர்நிலை அணிகளுக்கான தேர்வு பதினான்கு வயதிலேயே தொடங்கிவிடுகிறதே, அங்கே தெரியும். அந்த வயதில் ஒருவன் மீசை அரும்பி நிற்பான், இன்னொருவன் அவன் தோள் உயரம்கூட வந்திருக்க மாட்டான். பெரியவன் தேர்வாகிறான், நல்ல பயிற்சியாளர், கூடுதல் ஆட்டம், உடற்பயிற்சி அட்டவணை எல்லாம் அவனுக்குக் கிடைக்கின்றன. மூன்று வருடம் கழித்து அவன் உண்மையிலேயே மேலான வீரனாகத்தான் இருப்பான். அது பிறவித் திறமையா, கிடைத்த பயிற்சியா என்பதைப் பிரித்துச் சொல்ல வழியே இருக்காது. பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தைப் போடச் சொல்லவில்லை. எழுதுகிறவர் அதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். டப்ளின் மைனர் அணியில் இடம் கிடைக்காத பிரையன் ஃபென்டன் 2015-இல் சீனியர் அணிக்கு வந்து, ஓய்வு பெறுவதற்குள் ஏழு அகில அயர்லாந்துப் பட்டங்களும், இரண்டு முறை ஆண்டின் சிறந்த வீரர் விருதும் வாங்கினார்.

'மைனர் கோப்பையை வெல்லும் மாவட்டமே அடுத்த பத்தாண்டை ஆளும்' என்ற வரியையும் ஏற்க முடியவில்லை. கெர்ரி 2014 முதல் 2018 வரை தொடர்ந்து ஐந்து முறை மைனர் பட்டம் வென்றது. 2014-இல் சீனியர் பட்டமும் வென்ற அந்த மாவட்டம், அடுத்த சீனியர் பட்டத்துக்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2015 முதல் 2020 வரை ஆறு சீனியர் பட்டங்களை வரிசையாக அள்ளிய டப்ளின், அந்த ஆறு ஆண்டுகளில் ஒரு மைனர் பட்டம்கூட வெல்லவில்லை. ஆனால் டிப்பரேரி கதை வேறு. 2011-இல் டப்ளினைத் தோற்கடித்து மைனர் பட்டம் வென்றது. ஒன்பது ஆண்டு கழித்து, 2020-இல், 1935-க்குப் பிறகு முதல் முறையாக மன்ஸ்டர் மாகாண சீனியர் பட்டத்தைப் பிடித்தது. தொடர்பே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. நேர்க்கோடு இல்லை என்கிறோம், அவ்வளவுதான். கிளிஃபர்ட் 2017-இல் மைனர், 2018-இல் சீனியர் அணியில் நட்சத்திரம். அவரை அளவுகோலாக வைத்தால் வேறு எந்தப் பிள்ளையும் தேறமாட்டான்.

சரி, எதைப் பார்ப்பது? கையிலிருந்து பந்து காலுக்குப் போகும் அந்த அரை நொடியைப் பாருங்கள். வலது காலால் உதைப்பவன் பந்தை வலது கையால்தான் இறக்கிவிட வேண்டும், அதுவும் இடுப்பு உயரத்திலிருந்து, மேலே தூக்கிப் போடாமல். தூக்கிப் போட்டால் இரண்டு கேடு: காற்று பந்தைத் தள்ளிவிடும், தடுப்பாளரின் கை உள்ளே வந்துவிடும். உடம்புக்குக் குறுக்கே இறக்கினால் பந்து வளைந்து கம்பத்துக்கு வெளியே போகும். கணுக்கால் தளர்ந்திருந்தால் தூரம் கிடைக்காது. முதல் பத்து நிமிடம் எல்லாரும் ஒழுங்காகத்தான் இறக்குவார்கள். கடைசிப் பத்து நிமிடத்தில், களைத்த பிறகும், அதே உயரத்திலிருந்து யார் இறக்குகிறார்கள் என்று பாருங்கள். பிறகு, பழகாத கால் பக்கம் அவனைத் தள்ளினால் என்ன செய்கிறான்? அந்தக் காலாலேயே உதைக்கிறானா, அல்லது நின்று திரும்பிப் பழகிய காலுக்கு வருகிறானா? மைனரில் வேகம் இருந்தால் திரும்பியும் தப்பலாம். சீனியரில் திரும்பும் நேரத்தில் உதை தடுக்கப்பட்டுவிடும்.

ஓடும்போதும் அப்படியே. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு காலடிக்கு மேல் போகக் கூடாது. தரையில் ஒரு முறை தட்ட வேண்டும், அல்லது கால் நுனியால் கைக்குத் தட்டிக்கொள்ள வேண்டும். இதைத்தான் சோலோ என்கிறார்கள். தரையில் தட்டுவதை அடுத்தடுத்து இரு முறை செய்ய முடியாது, சோலோவை எத்தனை முறையும் செய்யலாம். கால்விரல் மேல்நோக்கி இருந்தால் பந்து பின்சுழற்சியோடு நெஞ்சுக்கு வரும். விரல் கீழ்நோக்கினால் முன்னால் ஓடிவிடும். தடுப்பாளருக்குப் பந்தைத் தட்டிவிட நல்ல வாய்ப்பு அது கையை விட்டு வெளியே இருக்கும் அந்தக் கணம்தான். நல்ல தடுப்பாளன் தோளோடு தோளாக ஓடி, ஆட்டக்காரனுக்குப் பக்கத்திலிருக்கும் கையால், விரித்த உள்ளங்கையோடு, சரியாக அப்போது தட்டுவான். தூரத்துக் கையை நெஞ்சுக்குக் குறுக்கே நீட்டினால் அது பிடித்திழுப்பதில் போய் முடியும், ஃப்ரீ கிக் கொடுக்க நேரும். இப்போதோ அந்த ஃப்ரீ வளைவுக்கு வெளியே என்றால் இரண்டு புள்ளி போய்விடும். நடுவரிடம் வாய் பேசினால் பந்து 50 மீட்டர் முன்னேறும். இத்தனை விலை இருக்கும்போது, ஒரு ஆட்டம் முழுக்க ஒரு ஃப்ரீ கூடத் தராத கார்னர் பேக்கின், அதாவது கோலுக்குப் பக்கத்தில் ஓரமாக நிற்கும் தடுப்பாளனின் பெயர் எந்தப் பட்டியலிலும் வராதது நியாயமில்லை.

கோல்கீப்பரையும் நடுக்களத்தையும் உங்கள் கட்டுரை தொடவே இல்லை. புதிய விதியில் அதிகம் மாறியது அவர்கள் வேலைதான். கிக்-அவுட்டை, அதாவது கோல்கீப்பர் பந்தை மீண்டும் ஆட்டத்துக்குள் அனுப்பும் உதையை, 20 மீட்டர் கோட்டிலிருந்து எடுக்கிறார்கள். பந்து 40 மீட்டர் வளைவைத் தாண்டியே ஆக வேண்டும். முன்பு பக்கத்திலிருக்கும் தடுப்பாளருக்குச் சின்னதாகத் தட்டிக் கொடுத்துத் தப்பித்துக்கொள்ளலாம். சொந்தப் பாதியில் கோல்கீப்பருக்குப் பந்தைத் திருப்பித் தருவதற்கும் கடும் கட்டுப்பாடு வந்துவிட்டது. பதினாறு வயதுப் பையன் எதிர்க்காற்றில் நிலத்திலிருந்து உதைத்து, தன் ஆள் எங்கே எழும்புவான் என்று கணித்து அனுப்ப வேண்டும். கீழே நிற்பவனும் பந்துக்கு அடியில் போய்க் காத்திருக்கக் கூடாது. ஓடி வந்து ஒற்றைக் காலில் எழும்பி, தலைக்குச் சற்று முன்னால், விரல்கள் விரிந்து கட்டைவிரல்கள் நெருங்கியிருக்கும்படி பிடிக்க வேண்டும். சொந்த கிக்-அவுட்டில் எத்தனையைத் தக்கவைத்தார்கள், எதிரணியின் கிக்-அவுட்டில் எத்தனையைப் பறித்தார்கள் என்ற இரண்டு எண்களைப் போட்டால், ஆட்டம் யார் கையில் இருந்தது என்பது பாதிக்கு மேல் புரிந்துவிடும்.

'ஐந்து அணிகளுக்கு ஆடும் அசகாய சூரன்' என்று ஒரு பையனைப் புகழ்ந்திருக்கிறீர்கள். எங்களுக்கு அதைப் படித்ததும் கவலைதான் வந்தது. பள்ளிக்காக ஹோகன் கோப்பை, அல்ஸ்டர் மாகாணத்தில் என்றால் மக்ரோரி கோப்பை; அதோடு கிளப், மாவட்ட மைனர், பல இடங்களில் மட்டையால் ஆடும் ஹர்லிங்கும் சேரும். ஒவ்வொரு பயிற்சியாளரும் வாரம் இரண்டு நாள்தானே கேட்கிறோம் என்பார். வாரத்துக்கு ஒழுங்குபடுத்தப்பட்ட விளையாட்டு நேரம், மணிக்கணக்கில், பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்று விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு ஒன்று உண்டு. ஐந்து அணியில் ஆடுபவனுக்கு அது எட்டாக்கனி. குதிகால் வலி, முழங்கால் சிப்பிக்குக் கீழே எலும்பு முட்டி வலிப்பது, இந்த இரண்டும் எலும்பு வளரும் வயதில் சுமை கூடியதற்கான அடையாளம். கொஞ்சம் பெரியவர்களுக்குத் தொடை இடுக்கில் வலி வரும்; உதைப்பதும் சட்டென்று திரும்புவதும் ஓயாமல் நடக்கும் ஆட்டத்தில் அது பெரிய தொல்லை. வலியோடு ஆடுபவன் தன்னையறியாமல் உதையைச் சுருக்கிக்கொள்வான், அதை 'ஃபார்ம் போய்விட்டது' என்று எழுதுவார்கள். இந்த விளையாட்டை நடத்தும் ஜிஏஏ அமைப்பு பரிந்துரைக்கும் 'ஜிஏஏ 15' என்ற பதினைந்து நிமிடத் தயார்ப்பயிற்சியில் ஓட்டம், ஒற்றைக்கால் சமநிலை, குதித்து இறங்குதல், பின்தொடை வலுவூட்டல் எல்லாம் இருக்கின்றன. நேரமில்லை என்று அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் அதுதான்.

பன்னிரண்டு வயது வரை இந்த விளையாட்டில் சாம்பியன்ஷிப்பே கிடையாது என்பதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். 'கோ கேம்ஸ்' என்ற முறையில் சின்ன மைதானத்தில், குறைந்த ஆட்களோடு, வந்த எல்லாப் பிள்ளைகளும் முழு ஆட்டமும் ஆட வேண்டும் என்பதே நோக்கம். பதினைந்து பேர் அணியும் கோப்பையும் பிறகுதான்.

'எந்த கிளப் இவரை வாங்கப் போகிறது' என்ற கேள்விக்கும் இங்கே இடமில்லை. கேலிக் கால்பந்தில் சம்பளம் இல்லை, ஏலம் இல்லை. பிறந்து வளர்ந்த ஊரின் கிளப்புக்கும் மாவட்டத்துக்கும்தான் பெரும்பாலும் ஆடுவார்கள். பணம் பேசும் ஒரே கதவு ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து. 1984-இல் டப்ளினோடு மைனர் பட்டம் வென்ற ஜிம் ஸ்டைன்ஸ் மெல்போர்ன் போய், 1991-இல் அங்கே மிக உயர்ந்த தனிநபர் விருதான பிரௌன்லோ பதக்கத்தை வாங்கினார். இப்போதும் ஆண்டுதோறும் சிலர் போகிறார்கள், சிலர் திரும்பியும் வருகிறார்கள்.

அடுத்த முறை பெண்கள் மைனர் போட்டிக்கும் இடம் ஒதுக்குங்கள். அங்கே விதி சற்று வேறு: ஆண்கள் ஆட்டத்தில் தரையிலிருக்கும் பந்தைக் கால் நுனியால் தூக்கித்தான் கைக்குக் கொண்டுவர வேண்டும், பெண்கள் நின்றபடியே நேராகக் கையால் எடுக்கலாம், பந்தும் ஓர் அளவு சிறியது. இன்னொன்று. பட்டியலில் இருப்பவர்கள் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். ஆட்டச் செய்தியில் பெயர் வருவது வழக்கம்தான். ஆனால் பள்ளி, வீடிருக்கும் தெரு, பெற்றோர் தொழில் என்று நீங்கள் சேர்த்திருக்கும் விவரங்களை இணையப் பதிப்பிலிருந்தாவது எடுத்துவிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
இளையோர் கேலிக் கால்பந்துப் பயிற்சியாளர்களான வாசகர்கள்,
அயர்லாந்து