பூச்சை உரிக்குமுன் விளக்கொளியில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஃபிலிம் கேமரா மோகம் இளையர்களிடம் மீண்டும் பரவியிருக்கிறது. சிங்கப்பூரின் பெனின்சுலா கடைத்தொகுதியிலும் இணையத்திலும் மலிவாகக் கிடைக்கும் பழைய லென்சுகள் பலவற்றில் பூஞ்சை ஏறியிருக்கும். உடனே சீரியம் ஆக்சைடு என்னும் கண்ணாடி மெருகுத்தூளை வாங்கித் தேய்க்க உட்கார்ந்துவிடுகிறார்கள். தேய்க்கலாம்தான். எந்தப் பரப்பை என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

லென்சைச் சாய்த்து, அதில் விழும் விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். ஒளி பட்டுத் திரும்புவதைக் குறைக்கும் பூச்சு உள்ள இடம் ஊதாவாகவோ மஞ்சள்பழுப்பாகவோ மின்னும். அரித்துப்போன இடம் வெறும் வெள்ளை. நிறம் எங்கும் கெடாமல் மங்கல் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் எண்ணெய்ப் படலமோ பூஞ்சையோதான். 3 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடையும் வீட்டு அம்மோனியாவையும் சரிபாதியாகக் கலந்து, சன்னலைத் திறந்துவைத்துத் துடைத்தால் போதும். மிஞ்சிய கலவையைப் புட்டியில் அடைத்து வைக்காதீர்கள். வாயு சேர்ந்து வெடிக்கும்.

நிறமே நூல் நூலாக வெளுத்திருந்தால் பூஞ்சையின் அமிலம் பூச்சைத் தின்றுவிட்டது. அப்போதும் முன்கண்ணாடியின் வெளிப்பரப்பை மட்டுமே தொடுங்கள். சீரியம் ஆக்சைடைப் பால்பதமாகக் கரைத்து, மெத்தென்ற ஃபெல்ட் துணியால், கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே, அழுத்தாமல் தேய்க்கவேண்டும். பழைய லென்சுகளின் மெக்னீசியம் ஃபுளோரைடு பூச்சு ஏறத்தாழ 0.1 மைக்ரான்தான். நிமிடத்துக்கொரு முறை கழுவிப் பாருங்கள். பிம்பம் முழுக்க வெள்ளையானதும் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் தேய்வது கண்ணாடி. வளைவு கோணிவிட்டால் படம் சொதசொதவென்றாகிவிடும். கண்ணாடியிலேயே பதிந்துவிட்ட தழும்பை விரட்டிக்கொண்டு போகாதீர்கள். அது படத்தில் அநேகமாகத் தெரியாது.

பூச்சில்லாத ஒரு பரப்பு சுமார் 4 விழுக்காடு ஒளியைத் திருப்பியனுப்பும். பூச்சு இருந்தால் ஒன்றரை. ஒரு பரப்பில் இந்த இழப்பை லென்ஸ் ஹுட் என்னும் ஒளிமறைப்பை முன்னால் போட்டுச் சமாளிக்கலாம். உள்ளேயும் நாலைந்து பரப்பை உரித்தால் படம் முழுக்க வெளுப்புத் தட்டும். பின்கண்ணாடியின் குறையோ ஃபிலிமுக்குப் பக்கத்தில் இருப்பதால் எளிதில் காட்டிக்கொடுத்துவிடும்.

பிற்கால சூப்பர் தக்குமார் 50 மிமீ எஃப்/1.4 போன்ற தோரியம் கலந்த லென்சுகளைத் தேய்க்கவே கூடாது, தேய்க்கும்போது உதிரும் கண்ணாடித் தூள் கதிரியக்கம் உள்ளது. அவற்றின் மஞ்சள் நிறம் பூச்சுக் கோளாறே அல்ல; புறஊதா விளக்கின் கீழ் சில நாள் வைத்தால் தெளியும்.

சுத்தம் செய்த லென்சை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அலமாரியில் சும்மா வைத்தால் பூஞ்சை மறுபடி வரும். 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் டிரை கேபினட்டில் வையுங்கள், தோல் உறையைக் கழற்றிவிட்டு.

வாசகர்,
ஈசூன்