வேட்டியை மடித்துக் கட்டிய கதை

அன்புள்ள மாப்ளைக்கு,

சித்திரையில் நீ கேட்ட கேள்விக்கு ஆவணியில் பதில் எழுதுகிறேன். திட்டு, ஆனால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு.

'மஹிந்திரா தார் ஜீப் வாங்கிட்டேன், வண்டியை உயர்த்துற லிஃப்ட் ரெண்டு இஞ்ச் போடலாமா, மலைப் பாதை உனக்குத்தான் பழக்கம்' என்று கேட்டிருந்தாய். அப்போது என் வண்டியே இரண்டு இஞ்ச் தூக்கலாகத்தான் நின்றுகொண்டிருந்தது. சொன்னால் 'கட்டையன் போட்டான்னு நீயும் போட்டியா' என்று கேட்பாய். ஆமாம், கட்டையன் போட்டான் என்றுதான் போட்டேன். போன வாரம் கழற்றிவிட்டேன். இப்போதுதான் உனக்கு எழுத முகம் வந்திருக்கிறது.

வீட்டில் எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே. தோட்டத்தில் காய் எடுப்பு நடக்கிறது. ஏலக்காய் விலையை மட்டும் கேட்காதே.

முழுப்பழியையும் கட்டையன் தலையில் போட முடியாது. பம்ப் செட் தாண்டி, ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோருக்கு ஏறுகிற மண் பாதை ஞாபகம் இருக்கிறதா, நீ செருப்பைத் தொலைத்த இடம்? மழையில் டிராக்டர் ஓடி ஓடி இரண்டு பக்கமும் பள்ளமாகி, நடுவில் வரப்பு மாதிரி மேடு நிற்கும். தாருக்குத் தரையிலிருந்து 226 மில்லிமீட்டர் இடைவெளி. அது குறைச்சல் இல்லை. ஆனாலும் மூட்டை ஏற்றினால் வயிறு அந்த மேட்டில் கர்ரென்று இழுக்கும், என் வயிறும் சேர்ந்து இழுக்கும். லிஃப்ட் போட்ட அன்றைக்குச் சத்தமே இல்லாமல் தாண்டியது. அந்த ஒரு நாள் சந்தோஷத்துக்கே கொடுத்த காசு சரியாகப் போச்சு என்று நினைத்தேன். வயிறு தட்டவில்லை, பள்ளத்தில் இறங்கும்போது பம்பர் மண்ணை முட்டவில்லை, பெரிய டயர் போடவும் இடம் கிடைத்தது. இதெல்லாம் பொய்யில்லை.

மூன்றாம் நாள் ஸ்டோர் டிரைவர் அண்ணன் வந்தார். அதே பழைய பட்டா ஸ்பிரிங் ஜீப், காதில் அதே பீடி. குனிந்து பின் அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் உருண்டையை விரலால் தட்டினார். 'இது எங்க தம்பி ஏறுச்சு?' என்றார். நான் முழித்தேன். 'வேட்டிய மடிச்சுக் கட்டுனா வேட்டிதான் சேத்துல படாது. முட்டி இருந்த இடத்துலதான் இருக்கும்.'

மாப்ள, அவர் சொன்னது அப்படியே உண்மை. சஸ்பென்ஷன் லிஃப்ட் பாடியையும் சேஸிஸையும்தான் தூக்கும். பின் அச்சு டயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைத் தூக்க டயர் ஒன்றால்தான் முடியும். அதுவும் இரண்டு இஞ்ச் பெரிய டயர் போட்டால் அச்சு ஏறுவது ஒரு இஞ்ச், ஏனென்றால் மீதி ஒரு இஞ்ச் அச்சுக்கு மேலே போய்விடும். பெரிய டயர் போட்டால் மைலேஜ் போகும், ஸ்பீடாமீட்டர் குறைத்துக் காட்டும், இழுவையும் மந்தமாகும்.

முன்பக்கம் இன்னொரு கூத்து. பட்டறையில் எனக்குப் போட்டது புது ஸ்பிரிங் இல்லை, ஸ்பிரிங்குக்கு மேலே அலுமினிய வளையம். வண்டி உயர்ந்தது, ஷாக் அப்சார்பரின் நீளம் மட்டும் அதேதான். அதனால் சமதளத்தில் நிற்கும்போதே சக்கரம் பாதி தொங்கிவிட்டது. பள்ளத்தில் இறங்கினால் மேற்கொண்டு கீழே போக இடமில்லை. 'டக்' என்று அடித்துவிட்டு அந்தரத்தில் நிற்கும். காட்டுப் பாதைக்கென்று போட்டது, காட்டுப் பாதையில் சக்கரத்தைத் தரையிலிருந்து பிரிக்கிறது! முன் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டும் சாய்வாகிப்போய், நாலாம் மாதம் அதன் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) கிழிந்தது. ரிம்மின் உள்பக்கம் பூராவும் கறுப்பு கிரீஸ், கல்யாண வீட்டில் மையை அப்பிய மாதிரி. டயர் உள்விளிம்பில் மட்டும் மொட்டையாகியிருந்தது. லைட் மேலே பார்த்ததால் போடிமெட்டு வளைவுகளில் எதிரே வந்தவர்கள் எல்லாம் ஹார்னிலேயே என் குலத்தை விசாரித்தார்கள்.

அம்மா கதை தனி. ஏறவே முடியவில்லை. பிளாஸ்டிக் முக்காலி ஒன்று நிரந்தரமாக வண்டிக்குள் பயணம் செய்தது. கோயில் வாசலில் நான் முக்காலி போட, அம்மா இறங்க, ஊரே வேடிக்கை பார்க்கும். 'ஆனை மேல இருந்து இறங்குற மாதிரி இருக்குடா' என்றாள்.

இதுவரை சிரித்துக்கொண்டேதான் சகித்தேன். கழற்றியதற்குக் காரணம் வேறு.

ஆடியில் ஒரு மாலை, நல்ல மழை. வண்டிக்குள் தோட்ட வேலைக்கு வரும் இரண்டு அக்காமார், இடம் இல்லாததால் மேலே கேரியரில் மூன்று மூட்டை பச்சைக்காய். சரிவைக் குறுக்கே கடக்கும் அந்த இடத்தில், நூறு தடவை போன இடம், மேல்பக்கப் பின்சக்கரம் மண்ணை விட்டது. சத்தம் எதுவும் வரவில்லை. ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிட்டது, அவ்வளவுதான். பெரிய அக்கா என் சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்தது முதுகில் தெரிந்தது. ஸ்டியரிங்கைப் பள்ளத்துப் பக்கமே மெதுவாக ஒடித்தேன். சக்கரம் இறங்கியது. நின்றோம். யாரும் பேசவில்லை. அப்புறம் அந்த அக்கா, 'நாங்க நடந்தே வந்துருறோம் தம்பி' என்று இறங்கி, மழையில் நடந்தார்கள்.

மூட்டையை மேலே கட்டியது என் தப்புதான். லிஃப்ட் மட்டும் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் லிஃப்ட் போடுவதற்கு முன்னாலும் அதே மூட்டை, அதே சரிவு, ஒன்றும் ஆகவில்லையே. அச்சும் டயரும் தவிர வண்டியின் கனம் முழுக்க ஐம்பது மில்லிமீட்டர் மேலே போய்விட்டதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. இரண்டு ராத்திரி தூக்கமில்லை.

இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்சியில் கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறைகூட உண்டு. அன்றைக்கு வண்டி கவிழ்ந்திருந்தால் இன்ஷூரன்ஸ்காரன் முதலில் அந்த வளையத்தைத்தான் கேட்டிருப்பான். பட்டறையில் கேட்டதற்கு 'எல்லாரும் போடுறாங்க சார்' என்றார்கள். கட்டையனும் போட்டிருக்கிறான், அது சரிதான்.

இப்போது உன் விஷயம். நீ ஓட்டுவது அவிநாசி ரோடு. மிஞ்சினால் மாதம் ஒரு தடவை வால்பாறை. நாற்பது கொண்டை ஊசி வளைவு, அத்தனையும் தார் ரோடு. அங்கே உயரமான வண்டி ஆடத்தான் செய்யும், உன் பெண் வாந்தி எடுப்பாள். காசு அரித்தால் ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான நல்ல ஆல் டெர்ரெய்ன் டயர் வாங்கு, கம்பெனி சொன்ன அளவிலேயே. அடியில் ஒரு தகடு போட்டுக்கொள். சேற்றில் காற்றை இருபது பிஎஸ்ஐக்கு இறக்கிப் பார், டயர் சப்பாத்தி மாதிரி பரந்து பிடிக்கும். திரும்ப நிரப்ப ஒரு சின்ன கம்ப்ரஸர் வேண்டும், மறக்காதே. போட்டே தீருவேன் என்று அடம்பிடித்தால், வளையம் மட்டும் வேண்டாம். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பொருந்துகிற ஜோடியாக வாங்கு, பிரேக் ஹோஸ் (ஆயில் குழாய்) நீளம் எட்டுகிறதா பார், வீல் அலைன்மென்ட் செய்யாமல் பட்டறையை விட்டு வெளியே வராதே. சட்டத்துக்கு நீதான் பதில் சொல்லவேண்டும்.

என் வண்டி திரும்ப மேட்டில் இழுக்கிறது. மேட்டை மண்வெட்டியால் வெட்டிவிட்டோம், அரைநாள் வேலை. அந்த அக்கா போன சனிக்கிழமைதான் மறுபடி ஏறினார், முன் சீட்டில்.

கழற்றிய வளையங்களில் இரண்டை அம்மா பிரிமணையாக்கிவிட்டாள். குழம்புச் சட்டி ஆடாமல் நிற்கிறது. மீதி இரண்டு பரணில் கிடக்கிறது. வேண்டுமென்றால் நேரில் வந்து எடுத்துக்கொள், ஏலக்காயும் தருகிறேன்.

உன்
பங்காளி