பண்ணாரி ரோட்டில் அடிபட்ட மான்

அன்புள்ள மாப்ள சின்ராசு,

மூன்று மாதமாக நான் ஒரு வரி எழுதவில்லை, நீ கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை, கோபமாகத்தான் இருப்பாய். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சரசு சுகம். கிணறு காய்ந்து கிடக்கிறது, மயிலை மாட்டை இன்னும் விற்கவில்லை. வீட்டுச் சேதி அவ்வளவுதான். இனிமேல் சொல்லப் போவதைப் போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கத்து.

குண்டம் திருவிழா முடிந்து மறுபூஜைக்குப் பண்ணாரி அம்மன் கோயிலுக்குப் போயிருந்தோம். திரும்பும்போது ஆறரை இருக்கும், வெளிச்சம் மங்குகிற நேரம், ராஜன் நகர் வருவதற்கு முன்னால் எங்களுக்கு முன்னால் போன கார் ஒரு புள்ளிமானைத் தூக்கி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. பொட்டை மான். ரோட்டு நடுவில் முன்னங்காலை ஊன்றி எழப் பார்க்கிறது, பின்பக்கம் வரவில்லை, இழுத்துக்கொண்டே வட்டமாகச் சுற்றுகிறது. குளம்பு தாரில் வழுக்குகிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது மாப்ள.

நான் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு ஓடினேன். பின்னால் வந்தவர்களும் இறங்கினார்கள், அஞ்சு நிமிஷத்தில் முப்பது பேர். நாலு பேராகக் காலைப் பிடித்துத் தூக்கி ஓரத்தில் படுக்க வைத்தோம், நான் அதன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். சரசு பாட்டிலைத் திறந்து வாயில் தண்ணீர் ஊற்றினாள். ஒருத்தர் முதுகைத் தடவிக் கொடுத்தார், ஒரு பையன் முகத்துக்கு நேராகப் பிளாஷ் போட்டுப் படம் எடுத்தான், கறிக்குக் கணக்குப் போட்டவனும் அந்தக் கூட்டத்தில் இருந்தான், அவனை மட்டும் விரட்டிவிட்டோம். ஒருவர் பிக்கப்பில் ஏற்றிச் சத்தியமங்கலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றார், எனக்கும் அதுவே சரியென்று பட்டது. மான் கத்தவே இல்லை, வாயை மட்டும் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. அமைதியாகப் படுத்திருக்கிறது, நம்மை நம்பிவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு ஆத்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, "எட்டப் போங்க சாமி, அது பயத்துல விறைச்சுப் படுத்துருக்குது, ஒரு துண்டு இருந்தா கண்ணை மூடுங்க" என்றார். என் தோளில் கிடந்த துண்டைப் போட்டு மூடினோம், எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னோம். நம்ப மாட்டாய், ஒரு நிமிஷத்துக்குள் அந்த விலா தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது மெதுவாகிவிட்டது. அதுவரை ஒருத்தருக்கும் வனத்துறைக்குச் சொல்லத் தோன்றவில்லை! அதற்கப்புறம்தான் ஒருவர் பண்ணாரி செக்போஸ்டுக்கு பைக்கில் போனார். வனக்காப்பாளரும் இரண்டு வேட்டைத் தடுப்புக் காவலர்களும் ஜீப்பில் வந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை, துண்டோடு அப்படியே சாக்கில் நகர்த்தித் தூக்கிக்கொண்டு போனார்கள். கால்நடை டாக்டர் பார்த்துவிட்டு எலும்பு முறிவு இல்லை, இடுப்பில் அடிதான் என்று சொன்னதாக அன்று ராத்திரியே தகவல் வந்தது. சரசு அம்மனுக்கு எலுமிச்சம்பழ மாலை வேண்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் செத்துப்போய்விட்டது.

எலும்பு முறியவில்லை, பெரிய காயமில்லை, பிறகு எப்படி என்று எனக்கு ஆறவே இல்லை, நேரே போய்க் கேட்டேன். அந்த வனக்காப்பாளர் நல்ல மனுஷன், உட்கார வைத்துச் சொன்னார். இதற்கு கேப்சர் மயோபதி என்று பெயராம். மான் மாதிரி ஓடிப் பிழைக்கிற பிராணியைப் பிடித்து அழுத்தினால், பயத்திலும் திமிறலிலும் அதன் சதை தன்னைத்தானே அழித்துக்கொள்ள ஆரம்பிக்கிறது. சிதைந்த சதையிலிருந்து இறங்குகிற நிறமி ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். சில மணி நேரத்திலும் சாகலாம், நல்லா எழுந்து நின்று புல் மேய்ந்துவிட்டுச் சில நாள் கழித்தும் சாகலாம். பிரேதப் பரிசோதனையில் தொடைச் சதை வேகவைத்த கறி மாதிரி வெளுத்துக் கிடந்ததாம். கார் அடித்ததில் பாதி, நாங்கள் பிடித்ததில் பாதி என்று அவர் சொல்லவில்லை. ஆனால் எனக்கு வேறு எப்படி நினைக்க முடியும்? நாங்கள் காப்பாற்ற வந்தவர்கள் என்பது அதற்கு எப்படித் தெரியும்? அதைத் தொட்டுப் பிடிக்கிறது என்றால் புலியும் செந்நாயும்தான். தலையை மடியில் வைத்துத் தடவினேனே, அந்தத் தடவல் ஒவ்வொன்றும் அதற்குப் பல்தான்.

வாயில் தண்ணீர் ஊற்றியதும் தப்பு, மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். வண்டியில் ஏற்றியிருந்தால் இன்னும் மோசம், நடுவழியில் துள்ளியிருந்தால் எங்களுக்கும் ஆபத்து. அதோடு 1972ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டப்படி, வைத்தியம் பார்க்கிறேன் என்று வீட்டுக்கு எடுத்துப் போனாலும் குற்றம்தான். வண்டியை நிறுத்தி இரண்டு பக்கமும் வருகிறவர்களை மெதுவாக்கணும், கூட்டத்தையும் நாயையும் தள்ளணும், வனத்துறைக்குச் சொல்லணும், மானின் கண்ணைத் துணியால் மூடிவிட்டுத் தூர நின்று காத்திருக்கணும். இவ்வளவுதான் வேலை. ஐம்பது வயது வரைக்கும் இந்தக் காட்டோரத்தில் வாழ்ந்தும் இது எனக்குத் தெரியவில்லையே என்பதுதான் ராத்திரி தூக்கம் வராமல் பண்ணுகிறது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். 2022 பிப்ரவரியில், காட்டு விலங்குகள் வண்டியில் அடிபடுகின்றன என்று கோர்ட் உத்தரவுப்படி திம்பம் மலை ரோட்டில் இரவுப் போக்குவரத்தை நிறுத்தியபோது புளியம்பட்டிச் சந்தை டீக்கடையில் நாம் போட்ட சண்டையை அந்தக் கடைக்காரர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். ராத்திரி நெஞ்சுவலி வந்தால் மலைமேல் இருக்கிற தாளவாடிக்காரன் என்ன செய்வான், தக்காளி அழுகினால் யார் காசு கொடுப்பார்கள் என்று மேஜையைத் தட்டினாய். அது இன்றைக்கும் நியாயமான கேள்விதான், நான் மறுக்கவில்லை. ஆனால் மாரி சொல்கிறான், காலை ஆறு மணிக்குக் கேட் திறந்ததும் முட்டைக்கோஸ் லோடோடு 27 கொண்டை ஊசி வளைவையும் விழுந்தடித்து இறங்கி, பண்ணாரி தாண்டிச் சமதளம் வந்ததும் நீ மிதிக்கிற மிதியில் பின்னால் வருகிறவனுக்குத் தூசிதான் தெரிகிறதாம். ஏன்டா, உன் கோஸ் என்ன ஆம்புலன்ஸில் போகிற கர்ப்பிணியா?

மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் ஒரு நொடியில் வண்டி 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடுகிறது, உன் கால் பிரேக்கைத் தொடுவதற்கே அவ்வளவு ஆகிவிடும். மான் ஒன்று தாண்டினால் பின்னால் நாலு இருக்கும். ஹெட்லைட் முகத்தில் விழுந்தால் ஓடாது, அப்படியே நின்றுவிடும். விடியலும் அந்தியும்தான் அவை நடமாடுகிற நேரம், அதுவும் இந்தப் பங்குனி வெயிலில் தண்ணீர் தேடி ரோட்டைத் தாண்டாமல் அவற்றுக்கு வழியில்லை.

பண்ணாரியிலிருந்து ராஜன் நகர் வரைக்கும் 40-க்கு மேல் போகாதே. எனக்காக. பிக்கப் டேஷ்போர்டில் வனச்சரக அலுவலக நம்பரை எழுதி ஒட்டு, சீட்டுக்கு அடியில் ஒரு பழைய போர்வை போட்டு வை. என் வண்டியில் இரண்டும் வைத்துவிட்டேன்.

பாப்பாவின் காலேஜ் பீஸ் கட்டியாகிவிட்டதா? முடையாக இருந்தால் வாயைத் திறந்து கேள், அக்கா கல்யாணத்தில் பண்ணியது மாதிரி பண்ணாதே. வியாழன் சந்தைக்கு வந்தால் வீட்டுக்கு வா, சரசு கம்மஞ்சோறு பண்ணுகிறேன் என்கிறாள்.

உன்,
சுப்பு