மூன்றாம் கட்சிக்காரர்களின் கணக்கு நோட்டு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. கமலாவின் முழங்கால் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, அவள் வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் பெரிய நிம்மதி. மாடிப்படி ஏறுவதை மட்டும் இன்னும் கொஞ்ச நாளைக்குத் தள்ளிப்போடச் சொல். இங்கே மேரிலாந்தில் குளிர் விட்டுவிட்டது. மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டால், பேத்தி பள்ளியிலிருந்து திரும்பும் வரை வீடு எனக்கே சொந்தம். அந்தப் பகல் பொழுதெல்லாம் எதில் போகிறது என்பது உனக்குத் தெரியும்.

"ஜெயிக்க வாய்ப்பே இல்லாத அதிபர் வேட்பாளர்களின் கணக்கைத் தோண்டி என்ன காணப்போகிறாய்?" என்று கேட்டிருக்கிறாய். தேர்தல் வேலையில் உதவிச் செலவினப் பார்வையாளராக உட்கார்ந்து, சுயேச்சைகளின் செலவுப் பதிவேட்டை வரி விடாமல் பார்த்தவன் நீ. அதனால் உனக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதத் தோன்றுகிறது.

இங்கே அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி என்ற இரண்டு பெரிய கட்சிகளின் பணத்தைக் கவனிக்க ஆயிரம் கண்கள் உண்டு. பத்திரிகைகள், பல்கலைக்கழகங்கள், எதிர்க்கட்சி வழக்கறிஞர்கள் என எல்லாரும் ஒவ்வொரு டாலரையும் துரத்துகிறார்கள். பசுமைக் கட்சி, லிபர்டேரியன் கட்சி, மதுவிலக்குக் கட்சி, சோசலிசத் தொழிலாளர் கட்சி போன்றவற்றின் அறிக்கைகளை, தாக்கல் செய்த பொருளாளரையும் சரிபார்த்த ஊழியரையும் தவிர வேறு எவரும் திறந்து பார்த்ததில்லையோ என்றுதான் பல சமயம் தோன்றுகிறது. ஆனால் ஒரு நாட்டில் தேர்தலில் நிற்பதற்கே எவ்வளவு செலவாகும், அந்தச் செலவை உண்டாக்குவது யார் என்பது இந்தப் பக்கங்களில்தான் பச்சையாகத் தெரிகிறது. பெரிய கட்சிகளின் கணக்கில் விளம்பரச் செலவு எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

இந்த ஆவணங்கள் இருப்பதே ஒரு பாக்கியம். 1925-ஆம் ஆண்டுச் சட்டப்படி தேர்தல் கணக்குகளைப் பிரதிநிதிகள் சபையின் எழுத்தரிடம் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு வைத்திருந்தால் போதும், பிறகு அழித்துவிடலாம். 1971-இல் புதுச் சட்டம் வந்தது. அதிபர் நிக்சனின் பதவியைப் பறித்த வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு 1974-இல் அதைத் திருத்தி, கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தை உருவாக்கினார்கள். ஆறு உறுப்பினர்கள், ஒரே கட்சியிலிருந்து மூவருக்கு மேல் கூடாது, எந்த முடிவுக்கும் நான்கு வாக்குகள் வேண்டும். 1975-இல் வேலையைத் தொடங்கிய அந்த ஆணையத்தின் காலத்திலிருந்து, சின்னக் கட்சியின் கணக்கும் பெரிய கட்சியின் கணக்கும் ஒரே வகைப் படிவத்தில் ஒரே அலமாரியில் இருக்கின்றன.

ஐயாயிரம் டாலருக்கு மேல் வசூலித்தாலோ செலவழித்தாலோ சட்டத்தின் கண்ணில் நீ வேட்பாளர். வேட்பாளர் படிவம் தர வேண்டும். குழு அமைத்து, அதற்கு ஒரு பொருளாளரைக் காட்ட வேண்டும். பொருளாளர் இல்லாத குழு ஒரு காசு வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. ஆணையத்தில் படிவம் தருவதற்கு டெபாசிட் கிடையாது என்பதால் யார் வேண்டுமானாலும் தரலாம். 2016 தேர்தலுக்கு ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்டோர் அப்படித் தந்தார்கள். கேலிப் பெயர்களும் கற்பனைப் பாத்திரங்களின் பெயர்களும் அந்தப் பட்டியலில் குவிந்ததால், சந்தேகத்துக்குரியவர்களுக்குக் கடிதம் அனுப்பி உண்மைதானா என்று கேட்கும் முறையை ஆணையம் அந்த ஆண்டே கொண்டுவந்தது. 1996 சட்டமன்றத் தேர்தலில் நம் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்று வாக்குச்சீட்டே புத்தகமானது நினைவிருக்கும். அங்கே நின்ற விவசாயிகள் அரசின் கவனத்தை இழுக்க வேண்டும் என்ற உறுதியோடு நின்றார்கள். இங்கே குவிந்தவற்றில் பெரும்பகுதி வெறும் காகிதம். அதனால் பணக் கணக்கு காட்டியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவர்களை ஒதுக்கிவிட்டேன்.

மின்னணு முறையில் கணக்குத் தர வேண்டும் என்ற விதி 2001-இல் கட்டாயமானது. ஆனால் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் டாலரைத் தாண்டினால்தான் அந்தக் கட்டாயம். எனவே சின்ன வேட்பாளர்களில் பலர் இன்றும் காகிதத்தில் தருகிறார்கள். ஆணையம் அதை ஸ்கேன் செய்து வைக்கிறது. பெரிய வேட்பாளரின் கணக்கில் கணினியில் ஒரு பெயரைத் தட்டினால் பட்டியல் வந்து நிற்கும். இங்கே பக்கத்தைப் பெரிதாக்கிக் கையெழுத்தைப் படிக்க வேண்டும். சென்ற வாரம் பார்த்த ஓர் அறிக்கையைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். வேட்பாளர், பொருளாளர், கடன் கொடுத்தவர் மூவரும் ஒரே ஆள். வரவுப் பக்கத்தில் இருநூறு டாலரைத் தாண்டிய நன்கொடையாளர் ஒருவர்கூட இல்லை. செலவுப் பக்கத்தில் தபால்தலை, துண்டறிக்கை அச்சுக்கூலி, பெட்ரோல், ஒரு மாநிலத்தின் மனுக் கட்டணம். கூட்டல் ஒரு சென்ட் பிசகவில்லை. கடைசிப் பக்கத்தில், தனக்குத் தான் கொடுத்த கடன் தீரவில்லை என்று காலாண்டுக்குக் காலாண்டு காட்டிக்கொண்டே வந்திருக்கிறார். கடன் இருக்கும் வரை குழுவை எளிதில் மூட முடியாது என்பது விதி. தேர்தல் முடிந்து எல்லாரும் மறந்த பிறகும், அந்த மனிதர் ஒழுங்காக அறிக்கை அனுப்பியிருக்கிறார். வாழ்நாளெல்லாம் தணிக்கை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கணக்கின் மீது எனக்கு மிகுந்த மரியாதை வந்தது.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். சின்னக் கட்சியின் செலவில் பெரும்பங்கு வாக்காளரைச் சென்று சேர்வதற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. அமெரிக்காவில் அதிபர் தேர்தலுக்கு ஒரே வேட்புமனு என்பது கிடையாது; ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம். சுயேச்சை அதிபர் வேட்பாளருக்கு டென்னசியில் 275 கையெழுத்துகள் போதும். கலிபோர்னியாவில் 2020-இல் ஏறத்தாழ 1,97,000 கையெழுத்துகள் கேட்டார்கள். ஓக்லஹோமாவில் கையெழுத்து வேண்டாமென்றால் 35,000 டாலர் கட்டலாம். தொண்டர்கள் போதாதபோது கூலிக்கு ஆள் வைத்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். வாங்கியதை எதிர்த் தரப்பு வழக்குப் போட்டு ஒவ்வொன்றாக உதறும். 2004-இல் பென்சில்வேனியாவில் சுயேச்சை அதிபர் வேட்பாளர் ரால்ஃப் நாடரின் கையெழுத்துகள் செல்லாமல் போனதோடு, வழக்குச் செலவாக 81,000 டாலருக்கு மேல் கட்டச் சொல்லியும் நீதிமன்றம் உத்தரவிட்டது. பெரிய கட்சி வேட்பாளருக்கு இந்தச் செலவே கிடையாது. நின்றாலே அபராதம் என்ற நிலையை ஜனநாயகம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அரசுப் பணம் கிடைக்காதா என்று கேட்பாய். கிடைக்கும், ஆனால் வாசற்படி உயரம். வேட்பாளர் தேர்வுக் கட்டத்தில் தனிநபர் தரும் நன்கொடையில் 250 டாலர் வரை அதே அளவு பணத்தை அரசும் ஈடாகத் தரும். அதற்குக் குறைந்தது இருபது மாநிலங்களில், மாநிலத்துக்கு ஐயாயிரம் டாலருக்கு மேல், 250-ஐத் தாண்டாத துண்டுகளாகத் திரட்டியிருக்க வேண்டும். பெரிய கட்சிகளுக்கு வெளியே முதன்முதலில் அதைச் சாதித்தவர் 1984-இல் சிட்டிசன்ஸ் கட்சியின் சோனியா ஜான்சன். 1988-இல் நியூ அலையன்ஸ் கட்சியின் லெனோரா ஃபுலானி ஒன்பது லட்சம் டாலருக்கு மேல் ஈட்டுத்தொகை பெற்றார். ஐம்பது மாநிலங்களிலும் வாக்குச்சீட்டில் இடம்பெற்ற முதல் பெண்ணும் முதல் கறுப்பினத்தவரும் அவர்தான். வாக்கு இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல். அந்த எண்ணை மட்டும் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். கணக்கைப் பார்த்தவனுக்கு, இருபது மாநிலங்களில் ஊர் ஊராக நூறுக்கும் இருநூறுக்கும் யாரோ கதவைத் தட்டியிருக்கிறார்கள் என்பது தெரியும்.

பொதுத் தேர்தலுக்கான நிதியில் ஐந்து சதவீத வாக்கு என்பது எல்லைக்கோடு. பெரிய கட்சிக்கு முன்பணம்; முந்தைய தேர்தலில் கோட்டைத் தாண்டியவர்களுக்கும் வாக்குக்கு ஏற்ற பங்கு முன்கூட்டியே; புதிதாக நிற்பவர்களுக்கு, கோட்டைத் தாண்டினால், தேர்தலுக்குப் பிறகு. 1980-இல் சுயேச்சையாக நின்ற ஜான் ஆண்டர்சனுக்குப் பிரசார நேரத்தில் வங்கிகள் கடன் தரவில்லை. ஆதரவாளர்களிடமே கைமாற்று வாங்கி ஓட்டினார். 6.6 சதவீத வாக்கு வந்ததும் நாற்பது லட்சம் டாலருக்கு மேல் அரசு கொடுத்தது. அதே ஆண்டு இரு பெரிய வேட்பாளர்களுக்கும் தலா 2.94 கோடி டாலர், முன்கூட்டியே. விதைப்புக்கு இல்லாத தண்ணீரை அறுவடைக்குப் பிறகு திறந்துவிட்ட கதைதான். தொழிலதிபர் ராஸ் பெரோ 1992-இல் சொந்தக் காசில் நின்று ஏறத்தாழ 19 சதவீதம் வாங்கியதால், 1996-இல் அவருக்கு 2.9 கோடி கிடைத்தது. அவர் ஆரம்பித்த ரிஃபார்ம் கட்சியின் சார்பில் 2000-இல் பாட் புகேனன் 1.26 கோடி பெற்றுக்கொண்டு 0.4 சதவீதத்தில் முடித்தார். அதோடு அந்தக் கட்சிக்கு வந்த பணம் நின்றது.

இன்னொரு வழியும் உண்டு. அதே 1980-இல் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஆயிரம் டாலருக்கு மேல் தர முடியாது. ஆனால் வேட்பாளர் தன் சொந்தப் பணத்தை எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்று 1976-இல் பக்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. லிபர்டேரியன் கட்சி எட் கிளார்க்கை அதிபர் வேட்பாளராக்கி, பெரும் செல்வந்தரான டேவிட் கோக்கைத் துணை அதிபர் வேட்பாளராக்கியது. அவர் இருபது லட்சம் டாலருக்கு மேல் போட்டார், மொத்தப் பிரசாரச் செலவில் பாதிக்கு மேல். சட்டப்படி எந்தக் குறையும் இல்லை. இருந்தாலும் ஃபுலானியின் வரவுப் பக்கங்களையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், சட்டம் யாருக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. இருநூறு டாலரைத் தாண்டித் தருபவரின் பெயர், முகவரி, தொழில், வேலை தருபவர் என எல்லாமே பொது ஆவணம். அதை எடுத்து வணிகத்துக்கோ வேறு நன்கொடை கேட்கவோ பயன்படுத்துவது சட்டவிரோதம். அதைக் கண்டுபிடிக்க, ஒவ்வோர் அறிக்கையிலும் பத்துப் பொய்ப் பெயர்கள் வரை கலந்து தர ஆணையமே அனுமதிக்கிறது. எவை பொய் என்ற பட்டியல் ஆணையத்திடம் மட்டும் இருக்கும். திருடினால் காட்டிக்கொடுக்க அந்த ஏற்பாடு போதும். அண்டை வீட்டுக்காரரும் முதலாளியும் பட்டியலைப் படிப்பதை எது தடுக்கும்?

சோசலிசத் தொழிலாளர் கட்சிக்கு இந்தக் கேள்வி வாழ்வா சாவா என்ற கேள்வி. எஃப்.பி.ஐ. பல ஆண்டுகள் அவர்களுக்குள் ஒற்றர்களை வைத்திருந்தது, அலுவலகங்களுக்குள் இரவில் புகுந்து காகிதங்களைப் படம் எடுத்தது. அவர்கள் 1973-இல் வழக்குப் போட்டு 1986-இல் வென்றார்கள்; 2,64,000 டாலர் நட்டஈடு. இதற்கிடையே ஒஹாயோ மாநிலத்தின் கணக்கு வெளியிடும் சட்டத்தை எதிர்த்த வழக்கில், மிரட்டல் தொலைபேசிகளையும் கட்சிக்காரர்கள் வேலை இழந்ததையும் அலுவலகத்தைச் சுட்டதையும் கணக்கில் எடுத்த உச்ச நீதிமன்றம், இவர்களிடம் பெயர்களைக் கேட்கக் கூடாது என்று 1982-இல் தீர்ப்பளித்தது. கூட்டாட்சித் தேர்தல் ஆணையமும் விலக்குத் தந்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை நீட்டித்து வந்தது. நன்கொடையாளர்களுக்குப் பெயருக்குப் பதில் எண் கொடுத்துக் கணக்கு வைக்கச் சொன்னது. துன்புறுத்தல் குறைந்துவிட்டது என்று கருதி 2017-இல் நீட்டிக்க மறுத்துவிட்டது.

தணிக்கைக்காரனான நான் வெளிப்படைத்தன்மையின் பக்கம்தான் எப்போதும் நின்றிருக்கிறேன். ஆனால் பெயரை வெளியிடச் சொல்வது எதற்கு? பதவிக்கு வருபவரை விலைக்கு வாங்கியவர் யார் என்று மக்கள் அறிவதற்கு. பதவிக்கு வரவே முடியாத கட்சிக்கு முந்நூறு டாலர் தந்த தொழிற்சாலைத் தொழிலாளியின் முகவரியைத் தெரிந்துகொண்டு மக்கள் எதைக் காப்பாற்றப் போகிறார்கள்? ஆணையம் அந்த விலக்கைத் தொடர்ந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நான் எழுதி வைக்கும் குறிப்புகளில் சின்ன நன்கொடையாளர் எவருடைய பெயரையும் சேர்ப்பதில்லை. ஆவணத்தில் இருந்தாலும், தொகையும் மாநிலமும் போதும்.

உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. நம்மூரில் முடிவு வந்த முப்பது நாளுக்குள் செலவுக் கணக்கு தராத சுயேச்சைகளுக்கு மூன்றாண்டுத் தகுதி நீக்கம் வருமே, அப்படி மாட்டியவர்கள் பெரும்பாலும் கணக்கை மறைத்தவர்களா, அல்லது எழுதத் தெரியாமலும் அலைய முடியாமலும் விட்டவர்களா? உன் நோட்டுகளை இன்னும் வைத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். பார்த்து எழுது. பணம் இல்லாதவன்மேல் காகிதச் சுமை எப்படி விழுகிறது என்பதைத்தான் நான் இரு பக்கமும் தெரிந்துகொள்ளப் பார்க்கிறேன். கமலாவிடம் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
கோபால்